பச்சோந்தியின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், வாணியாறு அணைத் தண்ணீர் பாயும் மஞ்சள், மரவள்ளித் தோட்டங்களின் வேலியோரம் பச்சோந்தி இன்றும் கண்ணில் படுகிறது. அது சோர்ந்து தரையில் கிடந்தால் ஒரு காலத்தில் கல்தான் விழும். இப்போது பிள்ளைகள் கையில் எடுத்து வந்து காப்பாற்றப் பார்க்கிறார்கள். மனதார வரவேற்க வேண்டிய மாற்றம் இது. கூடவே ஒரு தவறான வைத்தியமும் பரவிவிட்டது. "வாயைத் திறந்து நாலு சொட்டு தண்ணி விடு, கொஞ்சம் கால்சியம் குடு, வீட்டுலயே வச்சு தேத்திடலாம்" என்கிறார்கள். இதில் ஒவ்வொரு பகுதியும் தவறு. முதல் பகுதி உயிரையே வாங்கிவிடும்.

அதற்கும் முன்னால், கிடப்பது நோயாளிதானா என்று பார்க்க வேண்டும். மெதுவாக, முன்னும் பின்னும் ஆடி ஆடி நடப்பது பச்சோந்தியின் இயல்பான நடை. காலையில் உடல் கறுத்திருப்பது பெரும்பாலும் வெயிலை வாங்கிச் சூடேறுவதற்காக. கையில் பிடித்தால் பயத்திலும் கறுக்கும். மரத்தை விட்டு இறங்கித் தரையில் தடுமாறுவது மண்ணைத் தோண்டி முட்டையிட வந்த பெண்ணாகவும் இருக்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது உதவி ஆகாது. சாலையின் நடுவே இருந்தால், அது போகும் பக்கத்து ஓரத்தில் விட்டால் போதும். பட்டப்பகலில் கண்ணை மூடியே கிடப்பது, கண்கூடு குழிந்து உள்ளே போயிருப்பது, கிளையைப் பற்ற முடியாமல் கால் நழுவுவது ஆகியவைதான் மெய்யான நோயின் அடையாளங்கள். எச்சத்தோடு வரும் வெள்ளைக் கட்டி மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ மாறியிருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி தண்ணீருக்கு வருவோம். குழந்தைக்குப் பாலாடையிலும் மாட்டுக்கு மூங்கில் குழாயிலும் மருந்து புகட்டிப் பழகிய கை நம்முடையது. அதே கை பச்சோந்தியின் தாடையை விரித்து சிரிஞ்சை நுழைக்கிறது. ஆனால் அதன் மூச்சுக்குழலின் வாய் தொண்டைக்குள் ஆழத்தில் இல்லை, வாயின் தரையிலேயே திறந்திருக்கிறது. மயங்கிக் கிடக்கும் உயிருக்கு விழுங்கும் அனிச்சையும் குறைந்திருக்கும். ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்கு இறங்கிவிடும். நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுகிறோம். பாலூட்டிகளுக்கு உள்ள உதரவிதானம் பல்லியினத்துக்கு இல்லாததால் பச்சோந்தியால் அப்படி வலுவாக இருமித் தள்ள முடியாது. தண்ணீர் கொடுத்ததும் தலையைத் தூக்கியதே என்பார்கள். மூச்சுத் திணறும்போதும் அது தலையைத் தூக்கும், வாயைப் பிளக்கும். சில நாளில் நுரையீரல் அழற்சி வந்து இறந்தால், அந்தச் சாவை யாரும் தண்ணீரோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

காட்டில் அது குடிக்கும் விதமே வேறு. கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரைப் பெரும்பாலும் தண்ணீர் என்றே அது கண்டுகொள்வதில்லை. இலையில் மின்னும் பனித்துளியையும் மழைத்துளியையும்தான் நக்கிக் குடிக்கும். மருத்துவர் கைக்குப் போய்ச் சேர நேரமாகும், பச்சோந்தி கண்ணைத் திறந்து கிளையைப் பிடித்திருக்கிறது என்றால், அதன் முகத்துக்கு எதிரே ஒரு வேப்பங்கொத்தைக் கட்டி, வெதுவெதுப்பான வெறும் தண்ணீரைச் சாரலாகத் தெளிக்கலாம். ஒரு துளி இலை நுனியில் திரண்டு தொங்கும். ஒரு கண் மட்டும் அதன் பக்கம் திரும்பும். சற்று நேரம் அசைவே இருக்காது. பிறகு தடித்த நாக்கு நுனி வெளியே வந்து துளியைத் தொடும், தொண்டை அசையும். இப்படித் தானாகக் குடிப்பது மட்டுமே நம் கையால் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய தண்ணீர். நக்காவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பூச்சிமருந்து அடித்த ஸ்பிரேயரை எவ்வளவு கழுவியிருந்தாலும் இதற்கு எடுக்கவே கூடாது.

தொட்டியில் முக்கி வைத்தால் தோல் வழியே குடிக்கும் என்பதும் தவறு. அது தவளைக்குப் பொருந்தும். செதிள் தோல் கொண்ட பச்சோந்தி, பலவீனமான நிலையில், விரற்கடைத் தண்ணீரில்கூட மூழ்கிவிடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வேண்டாம். அதன் உப்பும் குளுக்கோசும் மனிதக் குடலின் தேவைக்காக அளந்து வைக்கப்பட்டவை. நீர் முற்றிலும் வற்றிய பச்சோந்திக்கு மருத்துவர் எடை பார்த்து, தோலுக்கடியிலோ வயிற்றறையிலோ ஊசி வழியாகத் திரவம் ஏற்றுவார்.

கால்சியத்தின் மீதுள்ள நம்பிக்கை இன்னும் உறுதியானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. கூண்டில் வளரும் பச்சோந்திகளுக்குக் கால்சியம் குறைந்து எலும்பு மெலிந்து கால் வளைவது மெய். அவற்றுக்குத் தீனியாகும் வெட்டுக்கிளி, சிள்வண்டு போன்றவற்றில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ஆனால் கொடுக்கும் கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும், டி3 உருவாக வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. கண்ணாடிப் பெட்டியில் வெயில் படுகிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேலியில் கிடைத்த காட்டுப் பச்சோந்தியோ பிறந்ததிலிருந்து வெயிலில் வாழ்ந்தது. அது சாய்ந்து கிடக்க வண்டி இடித்ததோ, பூனை கடித்ததோ, மருந்தடித்த பூச்சியைத் தின்றதோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். பூனைக்கடியில் கிருமி இறங்கியிருந்தால் அதற்கு வேண்டியது ஆன்டிபயாடிக். கறவை வைத்திருக்கும் வீடுகளில் மாட்டுக்கான கால்சியம் டானிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பல டானிக்குகளில் பாஸ்பரஸும் டி3யும் சேர்ந்தே இருக்கும். பல நூறு கிலோ எடையுள்ள மாட்டுக்கு அளந்ததில் ஒரு துளிகூட இந்தச் சிறிய உடலுக்கு அதிகமாகிவிடலாம். மிஞ்சிய டி3 சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களிலும் சுண்ணாம்பைப் படிய வைக்கும், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. கண் வீங்கினால் வைட்டமின் ஏ என்பதும் அப்படித்தான். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் நஞ்சு.

தெம்புக்குப் பாலோ பூச்சியோ வாயில் திணிப்பவர்களும் உண்டு. பாலைச் செரிக்க அதன் குடலில் வழியே இல்லை. பூச்சி அதன் உணவுதான், ஆனால் உடல் சூடில்லாத, நீர் வற்றிய பல்லியின் வயிற்றில் அது செரிக்காமல் அழுகும். முதலில் சூடு, பிறகு நீர், அவை சரியான பின்பே தீனி. சத்து மருந்து அதற்கும் பின்னால்.

வீட்டிலேயே வைத்துத் தேற்றலாம் என்பதற்குச் சட்டத்தின் பதில் தெளிவானது. நம் ஊர்ப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர். அதை வளர்ப்பது குற்றம். சொன்னால் நம் மேலேயே வழக்குப் போடுவார்கள் என்ற பயத்தில் பலர் பெட்டிக்குள் மறைத்து வைக்கிறார்கள். ஆனால் 39ஆம் பிரிவு சொல்வது, கைக்கு வந்த காட்டுயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்பது. உடனே சொல்பவர் சட்டப்படி நடப்பவர், மறைத்து வைப்பவருக்குத்தான் சிக்கல். நோயாளிக்கோ அந்த 48 மணி நேரமே அதிகம்.

ஆகவே காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒரு கிளையை வைத்து, அதன் மேல் பச்சோந்தியை விட்டு, துணியால் மூடி நிழலில் வையுங்கள். ஃபேனுக்கடியில் வேண்டாம். வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அரசு கால்நடை மருத்துவரிடமும் கேளுங்கள். எந்தத் தோட்டத்தில், எந்த மரத்தடியில் கிடந்தது, அங்கே கடைசியாக என்ன மருந்து அடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிகிச்சையை முடிவு செய்யவும், தேறிய பின் அதே இடத்தில் கொண்டுபோய் விடவும் அந்த விவரம்தான் வேண்டும்.