வேகமான சங்கிலி, குறைவான உற்பத்தி

மாணவர்களே, உங்கள் வகுப்பறை மேசையின் இரும்புக் காலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தூரிகை ஓடிய தடமும் சாயம் வழிந்த கோடும் அதில் இருக்காது. பெரும்பாலும் அது தூள் சாயம் பூசப்பட்டதாக இருக்கும். அலுமினியச் சன்னல் சட்டம், சைக்கிளின் உடல், பள்ளி லாக்கர் என்று நாம் அன்றாடம் தொடும் பல பொருள்கள் இந்த முறையில்தான் நிறம் பெறுகின்றன. ஷா ஆலாம், கிள்ளான் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் இந்த வேலையைச் செய்யும் பட்டறைகளைப் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட பட்டறைகளில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். ஆர்டர் அதிகமாகிவிட்டது, உற்பத்தியைக் கூட்ட வேண்டும். என்ன செய்வது? பலருக்கும் முதலில் தோன்றும் பதில், சங்கிலியை இன்னும் வேகமாக ஓட விடுவது. அந்தப் பதில் பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து. ஏன் தவறு என்பதை உங்கள் பாடநூலில் உள்ள அறிவியலைக் கொண்டே காட்ட முடியும்.

முதலில், வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தலைக்கு மேலே ஒரு சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் தொங்கும் கொக்கிகளில் பொருள்களை மாட்டுவார்கள். அவை எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவப்பட்டு, காய்ந்து, தெளிப்பு அறைக்குள் நுழையும். அங்கே சாயத் தூள் படியும். அதன் பிறகு நீண்ட உலைக்குள் போய், சூட்டில் உருகி இறுகி, மறுமுனையில் வெளியே வரும்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. சங்கிலி நிமிடத்திற்கு 2 மீட்டர் ஓடும்போது மணிக்கு 200 பொருள்கள் வெளிவருகின்றன. அவற்றில் 95 விழுக்காடு முதல் முறையிலேயே சரியாக அமைகின்றன. அதாவது 190 நல்ல பொருள்கள். முதலாளி வேகத்தை 2.5 மீட்டராக்குகிறார். மணிக்கு 250 வருகின்றன. ஆனால் சரியாக அமைவது 75 விழுக்காடாகக் குறைகிறது. பெருக்கிப் பாருங்கள், 187தான் வரும்! மீதி 60க்கும் மேற்பட்டவற்றைத் தேய்த்து, மீண்டும் கொக்கியில் மாட்டி, மீண்டும் தூள் தெளித்து, மீண்டும் சுட வேண்டும். புதிய பொருள்கள் தொங்க வேண்டிய இடத்தைப் பழையவை பிடித்துக்கொள்கின்றன. தூளும் எரிவாயுவும் கூடுதலாகச் செலவாகின்றன. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு ஆலை பரபரப்பாக ஓடுவதுபோல்தான் இருக்கும்.

95 எப்படி 75 ஆகும் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டால்தான் மகிழ்ச்சி.

உலையிலிருந்து தொடங்குவோம். உலைக்குள் சங்கிலி செல்லும் பாதை 40 மீட்டர் என்றால், 2 மீட்டர் வேகத்தில் ஒரு பொருள் 20 நிமிடம் உள்ளே இருக்கும். 2.5 மீட்டர் வேகத்தில் 16 நிமிடம்தான். பல வகைத் தூள் சாயங்களுக்கு, உலோகமே 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடேறி, அந்தச் சூட்டில் சுமார் 10 நிமிடம் இருக்க வேண்டும். காற்றின் சூடு எவ்வளவு என்பதல்ல கேள்வி. உலோகத்தின் சூடு எவ்வளவு என்பதே கேள்வி. மெல்லிய தகடு சில நிமிடங்களில் சூடேறிவிடும். கனமான இரும்புக்கு 9 நிமிடம் பிடிக்கிறது என்று வையுங்கள். முன்பு அதற்கு 11 நிமிடம் மிஞ்சியது. இப்போது 7 நிமிடம்தான் மிஞ்சுகிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? தூள் உருகிப் பரவியபின், அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்புகளால் கட்டிக்கொள்கின்றன. கந்தகம் சேர்த்து ரப்பரை வல்கனைஸ் செய்வதை வேதியியலில் படிப்பீர்களே, ஏறக்குறைய அதே கதை. பிணைப்பு முழுமையாகவில்லை என்றால் சாயம் பார்க்க வழவழப்பாகத்தான் இருக்கும். மேலே பொன்னிறமாகச் சிவந்து உள்ளே மாவாக இருக்கும் வடையைக் கடித்துப் பார்த்தால்தானே தெரியும்? இங்கே கடிப்பது வெயிலும் மழையும். வாங்கியவர் வீட்டில் சாயம் உரியும்போதுதான் குறை வெளிவரும். பட்டறையின் கணக்கில் அது ‘நல்ல பொருள்’ என்றே பதிவாகியிருக்கும்.

அடுத்து தெளிப்பு அறை. தெளிப்புத் துப்பாக்கியின் முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கும். மின்னோட்டம் மிகமிகச் சிறியது. தூள் மின்னூட்டம் பெறுகிறது. பொருள் கொக்கி வழியாகவும் சங்கிலி வழியாகவும் எர்த் செய்யப்பட்டிருக்கிறது. எனவே தூள் பொருளைத் தேடிப் போய் ஒட்டுகிறது. தலைமுடியில் தேய்த்த பலூன் சுவரில் ஒட்டும் அதே நிலைமின்னியல்தான்.

ஆனால் கொக்கியும் ஒவ்வொரு சுற்றிலும் தூள் படிந்து சுடப்படுகிறது அல்லவா? பல சுற்றுகளுக்குப் பின் அதன்மேல் தடித்த தோல் வளர்ந்துவிடும். சாயம் ஒரு மின்கடத்தாப் பொருள். கொக்கியும் பொருளும் தொடும் இடத்தில் அந்தத் தோல் இருந்தால் எர்த் இணைப்பு கெட்டுவிடும். தூள் சரியாக ஒட்டாது. ஓரிடம் மெலிந்து மறு இடம் தடிக்கும். இதற்கான மருந்து கொக்கியைச் சுத்தம் செய்வது. புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். என்னைக் கேட்டால், ஒரு பட்டறை முதல் வெள்ளியைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஆனால் கொக்கி சுத்தம் செய்வதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர் யாரும் இல்லை.

உள்மூலைகள் இன்னொரு தொல்லை. 1836இல் மைக்கேல் ஃபாரடே காட்டியதுபோல, கடத்தியால் சூழப்பட்ட இடத்திற்குள் மின்புலம் நுழைவதில்லை. பெட்டியின் உள்மூலையிலும் ஓரளவு அதுதான் நடக்கிறது. தூள் விளிம்பிலேயே குவிந்துவிடும். அனுபவமுள்ள தொழிலாளி மின்னழுத்தத்தைக் குறைத்து, துப்பாக்கியைத் திருப்பி, மூலையை முதலில் நிரப்புவார். அதற்கு அவருக்குச் சில விநாடிகள் தேவை. சங்கிலியை வேகப்படுத்துபவர் பறிப்பது அந்தச் சில விநாடிகளைத்தான்.

அப்படியானால் உற்பத்தியைக் கூட்ட வழியே இல்லையா? இருக்கிறது. நிறம் மாற்றும்போது தெளிப்பு அறை முழுவதையும் சுத்தம் செய்ய வேண்டும். கறுப்புப் பரப்பில் ஒரு வெள்ளைத் துகள் விழுந்தாலும் குறைதான். ஒருமுறை மாற்ற அரை மணி நேரம் என்றும், ஒரு நாளில் ஆறு முறை மாற்றுகிறார்கள் என்றும் வையுங்கள். மூன்று மணி நேரம் உலை எரிகிறது, கொக்கிகள் காலியாக ஓடுகின்றன. ஒரே நிற ஆர்டர்களை ஒன்றுசேர்த்து மாற்றத்தை மூன்றாகக் குறைத்தால் ஒன்றரை மணி நேரம் மிச்சம். நம் கணக்கில் அது 285 நல்ல பொருள்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும்! 1914 முதல் 1925 வரை ஃபோர்ட் நிறுவனம் மாடல் டி காரைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நிறம் மாற்றும் வேலையே அங்கு இல்லை.

ரோபோ வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ரோபோவின் கை நடுங்காது, களைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோல் படிந்த கொக்கியில் தொங்கும் பொருளுக்கு ரோபோ தெளித்தாலும் தூள் ஒட்டப்போவதில்லை.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. குறைகள் கூடும்போது, ‘கவனக்குறைவு’ என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் துப்பாக்கி பிடித்தவர்மீதுதான் விழுகிறது. வேகத்தைக் கூட்டியவர்மீது விழுவதில்லை. உங்களில் சிலர் தொழிற்கல்லூரி முடித்து, சில ஆண்டுகளில் அந்த இடத்தில் நிற்கப் போகிறீர்கள். சிலர் மேற்பார்வையாளராகி வேகத்தைத் திருகும் இடத்திலும் இருப்பீர்கள். 20 நிமிடம், 16 நிமிடம் என்று அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்தவரை வெறும் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லால் மடக்குவது எளிதல்ல.

பள்ளியிலிருந்து தொழிற்சாலைக்கு அழைத்துச் சென்றால், மணிக்கு எத்தனை பொருள்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, அவற்றில் எத்தனை முதல் முறையிலேயே தேறுகின்றன என்று பணிவாகக் கேளுங்கள். பதில் வருவதற்குள் பொருள்களை மாட்டும் இடத்திற்குப் போய்க் கொக்கிகளைப் பாருங்கள். பளபளக்கும் இரும்பு தெரிகிறதா, பல நிறத் தோல் தெரிகிறதா?