கடன் வேறு, பூட்டு வேறு

சென்ற ஆவணியில் அம்மாவின் உடல்நிலை மோசமாகி, நியூஜெர்சியிலிருந்து மதுரைக்கு அவசரமாகப் புறப்பட்டேன். விமான நிலைய வாசலில் அண்ணன் கொடுத்த சிம் அட்டையைக் கைப்பேசியில் செருகினேன். ஏற்க மறுத்தது. 24 தவணைகளில் 17 கட்டியிருந்தேன், ஒன்றுகூடத் தவறியதில்லை. அண்ணனின் பேசியிலிருந்து அமெரிக்க நிறுவனத்தை அழைத்தேன். மீதி 7 தவணைகளையும் ஒரே முறையில் கட்டினால் பூட்டைத் திறப்போம், இல்லையென்றால் நாளொன்றுக்கு 10 டாலர் கட்டி அவர்களது இணைப்பிலேயே பேசலாம் என்று வெகு பணிவாகப் பதில் வந்தது. மருத்துவமனை வராந்தாவில் ஒரு மாதம் இருக்க வேண்டியவன் நான். கணக்குப் பார்த்தால் 300 டாலர்.

இதை ஒரு தனிமனிதப் புலம்பலாக மட்டும் வாசித்துவிட வேண்டாம். இதன் பின்னால் உள்ள கதை இலக்கிய வாசகர்களுக்கும் உரியது. அமெரிக்காவில் 1998இல் மின்வடிவப் படைப்புகளைக் காக்கவென்று ஒரு பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. நூல், இசை, திரைப்படம் ஆகியவற்றுக்குப் போடப்பட்ட மின்னணுப் பூட்டுகளை உடைப்பது அதன்படி குற்றம். கைப்பேசிக்குள்ளும் மென்பொருள் இருக்கிறதல்லவா? எனவே அதன் பூட்டும் இந்தச் சட்டத்தின் நிழலில் ஒதுங்கிக்கொண்டது. எழுத்தாளனைக் காக்க எழுதிய சட்டம் தொலைபேசி வியாபாரிக்குக் காவல்காரனாயிற்று.

விசித்திரம் இத்தோடு முடியவில்லை. இச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவருக்கே உண்டு. 2006லும் 2010லும் விலக்குக் கிடைத்தது. 2012 அக்டோபரில், புதிதாக வாங்கும் கைப்பேசிகளுக்கு அது மறுக்கப்பட்டது. 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கிய கைப்பேசியை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது சட்டவிரோதம் என்றானது. வணிக ஆதாயத்துக்காகத் தெரிந்தே செய்பவருக்கு முதல் குற்றத்துக்கே 5 லட்சம் டாலர் அபராதம், 5 ஆண்டுச் சிறை வரை போகலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுச் செய்தார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த விலக்கை மீட்டுத் தந்தது.

வெற்றிதான், ஆனால் பாதி வெற்றி. திறப்பது குற்றமல்ல என்று அச்சட்டம் சொன்னதே தவிர, சாவியைக் கொடு என்று நிறுவனத்தை அது கட்டாயப்படுத்தவில்லை. 2013 டிசம்பரில் பெரிய நிறுவனங்கள் தாமே ஏற்றுக்கொண்ட நெறிமுறையோ, ஒப்பந்தமோ தவணையோ முடிந்த பிறகுதான் திறப்போம் என்று வகுத்துக்கொண்டது.

‘கடன் பாக்கி இருக்கிறதே, அவர்கள் பூட்டுவதில் என்ன தவறு?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கடனைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதே நாட்டில் கடனில் கார் வாங்குபவரைப் பாருங்கள். உரிமைப் பத்திரத்தில் கடன் கொடுத்தவரின் பெயர் பதிவாகிறது. அதற்காக, இந்தச் சாலையில்தான் ஓட்ட வேண்டும், இந்தக் கடையில்தான் பெட்ரோல் போட வேண்டும் என்று எந்த வங்கியும் சொல்வதில்லை. பாக்கியை வசூலிக்க ஒப்பந்தம் இருக்கிறது, கடன் மதிப்பீடு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. பூட்டு இவை எதையும் செய்வதில்லை. வாடிக்கையாளன் வேறு கடைக்குப் போகாமல் தடுப்பது ஒன்றே அது செய்யும் வேலை.

போலி அடையாளம் காட்டித் தவணையில் வாங்கி, கைப்பேசிகளை வெளிநாட்டில் விற்கும் கும்பல்கள் உண்டு என்பது நிறுவனங்களின் வாதம். உண்மைதான். ஆனால் மோசடி நடப்பது விற்கும் மேசையில். அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டிய இடமும் அதுவே. 17 மாதம் தவறாமல் பணம் கட்டியவனைத் திருடனோடு ஒரே வரிசையில் நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது, சோம்பல்.

அவர்களது நெறிமுறையே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்படும் ராணுவத்தினர், கணக்கு ஒழுங்காக இருந்து, பணி ஆணையைக் காட்டினால் பூட்டைத் திறந்து தருவோம் என்கிறது அது. நல்ல ஏற்பாடு. ஆனால் கடன் முடியும் முன்பே ஒருவருக்குத் திறக்க முடியுமென்றால், கடனுக்குப் பூட்டு இன்றியமையாதது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறதே? சிப்பாய் நாணயமானவன், தாயின் படுக்கையருகே நிற்பவன் நாணயமற்றவனா?

எல்லைக்கு அப்பால் கனடா இருக்கிறது. 2017 டிசம்பர் 1 முதல் அங்கே புதிய கைப்பேசிகளைப் பூட்டின்றித்தான் விற்க வேண்டும். பழையவற்றையும் கேட்டால் இலவசமாகத் திறந்து தர வேண்டும். பிரிட்டன் 2021 டிசம்பரில் பூட்டிய கைப்பேசி விற்பனையைத் தடை செய்தது. வானம் இடிந்து விழவில்லை. டொராண்டோவில் இன்றும் தவணையில் கைப்பேசி வாங்கலாம். அங்கிருந்து யாழ்ப்பாணம் போகிறவர் இறங்கியதும் உள்ளூர் சிம்மைப் போட்டுப் பேசலாம்.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 7 தவணைகளையும் அன்றே கட்டினேன். இரண்டு வேலைநாள் கழித்துப் பூட்டு திறந்தது. என்னிடம் பணம் இருந்தது, கட்டினேன். முழு விலையையும் முன்கூட்டியே கொடுக்க முடிந்தவர் பூட்டில்லாத கைப்பேசியையே வாங்கிவிடுகிறார்; அவருக்கு இந்தப் பூட்டைப் பற்றிக் கவலையே இல்லை. மாதக் கூலியில் தவணை கட்டுகிறவர்தான் விலை குறைந்த இணைப்புக்கு மாற முடியாமல், ஊருக்குப் போனாலும் கூடுதல் கட்டணம் கட்டிக்கொண்டு இருக்கிறார். சிக்கனம் யாருக்கு மிகவும் தேவையோ, அவருக்கே அது மறுக்கப்படுகிறது.

கடன்பட்டவனிடம் கடனைக் கேளுங்கள். அவன் யாருடைய கம்பி வழியாகத் தன் வீட்டாரோடு பேச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைக் கேட்காதீர்கள். அதை நாம் எந்தத் தவணையிலும் விற்கவில்லை.