ஒரே ஒரு டிக்கெட்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மார்ச் முடிவு, அப்புறம் ஆடிட், அப்புறம் பையனின் காலேஜ் அட்மிஷன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கிளைக்கு மாதத்துக்கு ஒருவராவது இப்படி வருவார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுப் பெண். கையில் பிளாஸ்டிக் கவர், அதில் கணவரின் இறப்புச் சான்றிதழும் பாஸ்புக்கும். கூடவே மைத்துனரோ மருமகனோ. கணக்கு பெரும்பாலும் இரண்டு பேர் பெயரிலும் 'ஈதர் ஆர் சர்வைவர்' என்றுதான் இருக்கும். அதாவது, கணக்கு திறந்த நாளிலிருந்தே அந்தம்மா தானாக வந்து பணம் எடுத்திருக்கலாம். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட எடுத்திருக்க மாட்டார். நான் கேள்வியை அவரிடம் கேட்பேன், பதில் மைத்துனரிடமிருந்து வரும்.

பாவம் என்று நினைத்துக்கொள்வேன். 2023 வரைக்கும்.

அந்த வருடம் ஒரு ராத்திரி ரங்கமணிக்கு நெஞ்சு வலி. பக்கத்து ஃப்ளாட் மராட்டிக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் அங்கே செய்த முதல் காரியம், அம்பத்தூரில் இருக்கிற அண்ணனுக்கு ஃபோன் போட்டு "இப்போ நான் என்ன செய்யணும்?" என்று கேட்டதுதான். நாக்பூருக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அவன் என்ன செய்வான்? இன்ஷூரன்ஸ் கார்டு எந்த டிராயரில் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்நேரத்தில் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் வரப் பயம். பகலில் லட்சக்கணக்கில் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிற கை, அன்றைக்கு ஒரு ஃபாரம் நிரப்ப நடுங்கியது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள், அவர் இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் கவர் வைத்துக்கொண்டு வரும் பெண்களை அதற்கப்புறம் என்னால் பாவம் என்று பார்க்க முடியவில்லை.

வெளியூர் வந்த நம் குடும்பங்களில் இது கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஊரில் அப்பா இல்லாவிட்டால் சித்தப்பா, அவர் இல்லாவிட்டால் எதிர்வீட்டு அண்ணாச்சி. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான். பாஷை தெரியாது என்று முதல் வருடம் அவர் கையில் கொடுத்ததை, பாஷை வந்த பிறகும் நாம் திருப்பி வாங்குவதில்லை. எனக்குக் கவுன்டர் ஹிந்தி பிரமாதமாக வரும். ஆட்டோக்காரரிடம் பேரம் பேச இன்றைக்கும் அவர்தான்.

அதனால்தான் போன டிசம்பரில் சாஞ்சிக்குத் தனியாகப் போனேன். வீட்டிலிருந்தபடியே கற்றுக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். முயற்சி செய்து பார்த்தேன். "விடு, நான் பார்த்துக்கறேன்" என்று ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது எதுவும் வராது. அவர் மேல் தப்பில்லை, நானும் சந்தோஷமாகத்தான் விட்டுவிடுவேன்.

அம்மா திருநெல்வேலியிலிருந்து ஃபோனிலேயே ஆடித் தீர்த்துவிட்டாள். "ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? மாப்பிள்ள என்ன சொன்னாரு?" மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தடவை டிக்கெட்டை வாங்கி வாங்கிப் பார்த்தார்.

வருடாவருடம் எங்களைச் சென்னைக்குக் கொண்டுபோகிற அதே தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், இந்த முறை எதிர்ப்பக்கம். 45 வயது ஆன பெண் தனியாகப் போனால் லோயர் பெர்த் கோட்டா உண்டு என்பது டிக்கெட் போடும்போதுதான் தெரிந்தது. பகல் பயணத்துக்கு அது தேவையில்லை. இருந்தாலும் ரயில்வே எனக்கு வயசாகிவிட்டது என்று எழுத்தில் கொடுத்தது அன்றைக்குத்தான் :-)

போபாலில் இறங்கும்போது இரவு. (இது தப்பு. நீங்கள் போனால் வெளிச்சத்தில் போய்ச் சேருகிற மாதிரி வண்டி பாருங்கள்.) லாட்ஜ் ரிசப்ஷனில் "அகேலி?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, கணவர் நம்பர் வேண்டும் என்றான் அந்தப் பையன். எனக்கு வந்த கோபத்தில், கிளையில் போலி கையெழுத்துப் போட்டவர்களிடம் பேசும் குரல் தானாக வந்தது. என் அடையாள அட்டை இருக்கிறது, என் நம்பர் இருக்கிறது, அது போதும் என்றேன். சாவி கொடுத்துவிட்டான். அறைக்குள் போய்த் தாழ்ப்பாளை நாலு தடவை இழுத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ராத்திரிச் சாப்பாடுதான் கஷ்டம். மெனு கார்டு கையில், என்ன வேண்டும் என்று தெரியவில்லை. பையன் மிச்சம் வைத்ததையும், அவர் ஆர்டர் செய்ததில் பாதியையும் சாப்பிட்டே பழகியவளுக்கு எது பிடிக்கும் என்று யார் சொல்வார்கள்? கடைசியில் தால், ரொட்டி. காலையில் மட்டும் தைரியம் வந்து போஹாவும் ஜிலேபியும்.

சாஞ்சிக்கு அங்கிருந்து சுமார் 46 கி.மீ. பஸ்ஸில் கண்டக்டர் "கித்னே?" என்றார். "ஏக்." இருபத்திரண்டு வருடமாக இரண்டு ஃபுல், ஒரு ஆஃப் என்றே கேட்டுப் பழகிய காதுக்கு அது வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

பெரிய ஸ்தூபிக்கு வடக்கு வாசல் தோரணம்தான் நன்றாக நிற்கிறது. அதன் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குடும்பத்தோடு போயிருந்தால் இருபது நிமிடம், அதில் பத்து நிமிடம் ஃபோட்டோ. அந்தத் தோரணங்களில் புத்தரை மனித உருவில் செதுக்கவில்லை. சக்கரம், பாதம், போதி மரம், ஆளில்லாத ஆசனம், அவ்வளவுதான். அசோகரின் மகன் மகிந்தன் இலங்கைக்குப் போகும் முன் பக்கத்து விதிஷாவில் இருந்த தாயைப் பார்க்க வந்தான் என்கிறது மகாவம்சம். அந்தத் தாய் ஒரு வியாபாரியின் மகள். மகன் கடல் தாண்டிப் போன பிறகு அவள் என்ன செய்தாள் என்று யோசித்துக்கொண்டிருந்ததில் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டேன். ரோட்டில் நின்று, நாலு பேரிடம் கேட்டு, அடுத்ததில் ஏறினேன். யாருக்கும் ஃபோன் செய்யவில்லை.

பாதுகாப்பு பற்றிச் சொல்வார்கள். நியாயம்தான், பயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தங்குமிடத்தை முன்பே பேசிவையுங்கள், வீட்டில் ஒருவருக்கு வண்டி எண் தெரியட்டும், ரயிலில் ஏதாவது என்றால் 139. ஆனால் லேடீஸ் டூர் குரூப்பில் போவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஜாலிதான், நானும் போயிருக்கிறேன். டிக்கெட் அங்கேயும் வேறொருவர் கையில்தான் இருக்கும்.

இந்த ஒரு பயணத்தால் நான் தலைகீழாக மாறிவிடவில்லை. ஸ்கூட்டர் இன்னும் ஓட்டத் தெரியாது. ஆனால் வந்த வாரமே இன்ஷூரன்ஸ், எஃப்.டி., வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டேன். அவருடைய கார்டியாலஜி அப்பாயின்ட்மென்ட்டுக்கு இப்போது நான்தான் ஃபோன் செய்கிறேன்.

அந்த மூன்று நாளில் இன்னொன்றும் நடந்தது. ரங்கமணி தானே ரசம் வைத்திருக்கிறார். புளி எந்த டப்பாவில் என்று கேட்க எனக்கு ஃபோன் செய்யவில்லை. வீட்டிலிருந்த எல்லா டப்பாவையும் திறந்து பார்த்திருக்கிறார், மூடிதான் ஒன்றுக்கொன்று மாறிக் கிடந்தது.