தொழிலாளியின் இசைவு

2023 ஏப்ரல் 21-ஆம் நாள் தமிழகச் சட்டப் பேரவை, தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தும் மசோதா ஒன்றை நிறைவேற்றியது. 1948-ஆம் ஆண்டின் மூலச் சட்டம், நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியிருந்தது. நாள் வரம்பினின்று தொழிற்சாலைகளுக்கு விலக்களித்து, 12 மணி நேரம் வரை வேலை செய்விக்க மசோதா வழி திறந்தது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன. மே முதல் நாளன்று, மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றோடு நூறாண்டு நிறைந்தது. நமக்கோ அது தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள்.

மசோதாவை ஆதரித்தோரின் வாதத்தைப் புறக்கணித்தல் நியாயமன்று. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது. நான்கு நாள் உழைப்போர்க்கு மூன்று நாள் ஓய்வு உண்டு. மின்னணுத் துறையில் முதலீடு பெருகும். விரும்புவோர்க்கு மட்டுமே இம்முறை என்றனர். வேலையின்றி வாடும் பிள்ளைகள் நம் பங்குகளில் இல்லையா? தொழிற்சாலை வேண்டாமென்று எந்தப் பெற்றோர் கூறுவர்?

ஆனால் நடந்தது என்ன? 2022-23-இல் ஏறத்தாழ 537 கோடி டாலராக இருந்த தமிழகத்தின் மின்னணு ஏற்றுமதி, 2024-25-இல் ஏறத்தாழ 1,465 கோடி டாலராயிற்று. மசோதா கைவிடப்பட்டதால் ஏற்றுமதி வளர்ந்தது என்று நாம் கூறவில்லை. அது கைவிடப்பட்டும் வளர்ச்சி நிற்கவில்லை என்பதே நாம் காண வேண்டியது.

எஞ்சி நிற்பது ‘விருப்பம்’ என்னும் சொல். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கண்முன் நிற்க, மேலாளர் நீட்டும் தாளில் கையொப்பமிடும் ஒருவர் உண்மையில் விரும்பித்தான் இடுகிறாரா? வறுமையாலோ, இதனினும் பெரிய தீமைக்கு அஞ்சியோ கொடிய நிபந்தனையை ஏற்கும் தொழிலாளி வன்முறைக்கும் அநீதிக்கும் இரையாகிறான் என்று பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-லேயே ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் போதித்தார். ஒப்பந்தத்துக்கு மேலாக இயற்கை நீதி உண்டு என்பதே திருச்சபையின் போதனை.

பன்னிரண்டு மணி வேலையோடு போக வர இரண்டு மணி நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள். தந்தை இல்லம் திரும்புகையில் குழந்தைகள் உறங்கியிருப்பர். தாயே தொழிலாளியெனில் அடுப்பும் அவளுக்காகக் காத்திருக்கும். குடும்ப செபமாலைக்கு நேரமேது? இந்த இழப்பை எந்த ஏற்றுமதிக் கணக்கும் காட்டுவதில்லை.

இக்கேள்வி இன்னும் ஓயவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்று, நாளொன்றுக்கு 8 மணி வேலையென விதிக்கிறது. கூடுதல் வேலைக்குத் தொழிலாளியின் இசைவும் இரட்டைக் கூலியும் வேண்டும் என்கிறது. இசைவு மெய்யாயிருப்பது சட்டத்தால் மட்டும் ஆவதன்று. ‘இயலாது’ என்று சொன்னவர் மறுநாளும் அச்சமின்றி வேலைக்கு வர இயல வேண்டும்.

நம் பங்குகளில் தொழிலாளரும் உளர்; முதலாளிகளும் மேலாளர்களும் உளர்; எல்லாரும் ஒரே திருப்பந்தியை அணுகுகின்றனர். வேலை வாங்கும் பொறுப்பிலிருப்போர், தம் கீழுள்ளோர் எந்நேரம் இல்லம் சேர்கின்றனர் என்பதை இவ்வாரம் ஒருமுறை கேட்டறிவார்களாக. நாசரேத்துத் தச்சரின் பட்டறையிலும் மாலையில் உளி ஓய்ந்திருக்கும். திருக்குடும்பம் ஒன்றாய் அமர்ந்திருக்கும்.