பால்மானிக்குப் பசு தெரியுமா?

அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் இரண்டு கலப்பினப் பசுக்களை வைத்துப் பிழைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, காலித் தூக்குவாளியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே சார்? நான் ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல. அந்தக் கண்ணாடிக் குழாய் பொய் சொல்லுமா?" என்றார். பால் ஊற்றும் இடத்தில் மூன்று நாட்களாகப் பால்மானி தாழ்ந்த அளவைக் காட்டியிருக்கிறது. விலையைக் குறைத்ததோடு நிற்காமல், நாலு பேர் முன்னிலையில் "தண்ணி" என்றும் சொல்லிவிட்டார்கள்.

பால்மானி பொய் சொல்லாது. ஆனால் அதற்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தெரியும்: இந்தத் திரவத்தின் அடர்த்தி என்ன? மிதத்தல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். நல்ல பசும்பாலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.028 முதல் 1.032 வரை, கருவியில் அது 28, 32 என்று தெரியும். நீர் கலந்தால் எண் இறங்கும். பால் சூடாக இருந்தாலும் இறங்கும். கொழுப்பு மிகுந்தாலும் இறங்கும். பாலின் சர்க்கரையான லாக்டோஸ் குறைந்தாலும் இறங்கும். இத்தனை காரணங்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு என் மாணவன் செய்முறைத் தேர்வில் முடிவு எழுதினால், நான் மதிப்பெண் போடமாட்டேன்.

லாக்டோஸ் ஏன் குறைய வேண்டும்? பெரும்பாலும் மடிநோயால். வீங்கிச் சிவந்து, பால் திரிந்து வருகிற மடிநோயை யாரும் கண்டுகொள்வார்கள். மறைந்திருக்கும் மடிநோய் அப்படியல்ல. பசு தின்னும், நடக்கும், பாலும் வெள்ளையாகவே இருக்கும். உள்ளே கிருமிகளால் சுரப்பித் திசு கெட்டு லாக்டோஸ் குறைகிறது. ஈடாக இரத்தத்திலிருந்து சோடியம், குளோரைடு அயனிகள் பாலுக்குள் கசிகின்றன. உப்பு ஏறினால் மின்கடத்துத்திறன் ஏறும் அல்லவா? மாட்டுக் கொட்டகையில் இயற்பியலுக்கு இடம் கிடைப்பது இங்கேதான்.

பசுவின் மடி நான்கு தனித்தனி அறைகள். ஓர் அறையின் பால் இன்னொன்றில் கலப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேண்டுமென்று ஆய்வகத்தில் நாம் அலைகிறோம். பசுவோ அதைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது!

அக்காவின் பசுக்களில் ஒன்று அப்போது பால் வற்றிய சினைமாடு. ஆகவே கேள்வி ஒரே பசுவைப் பற்றியது. கடத்துத்திறன் அளக்கும் மீட்டரோடு போய், நான்கு கிண்ணங்களில் தனித்தனியே பால் பிடித்து அளந்தேன். முன்காம்புகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண். பின்காம்புகள் இரண்டிலும் தெளிவாகக் கூடுதல். (சாதாரண மல்டிமீட்டரால் இதை முயல வேண்டாம். நேர்மின்னோட்டத்தில் மின்வாய்கள் துருவப்பட்டு எண் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் நாள் நான் அப்படித்தான் ஏமாந்தேன்.) பிறகு கால்நடை மருத்துவர் வந்து, 1957இல் வெளியான கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையைச் செய்தார். சலவைப் பொருள் போன்ற ஒரு கரைசலைப் பாலில் சேர்த்துச் சுழற்றினால், நோயை எதிர்க்க வந்து குவிந்த வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றின் டி.என்.ஏ. பாலைக் கூழாக்கும். பின்காம்புப் பால் கூழானது.

நீடித்த பால்பண்ணை என்றால் இன்று எல்லோரும் சாண எரிவாயு, மண்புழு உரம், அசோலா என்கிறார்கள். எல்லாம் நல்லவையே. ஆனால் ஒரு கிடேரி முதல் ஈத்துக்கு வர இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அது தின்ற தீவனமும் குடித்த நீரும் முதலீடு. இரண்டாம் ஈத்திலேயே மடி கெட்டு அடிமாடாகப் போனால், எரிவாயு அடுப்பு அந்த நட்டத்தை ஈடுகட்டுமா? ஒரு பண்ணையை மதிப்பிட நான் முதலில் கேட்பது, அங்கே பசு எத்தனை ஈத்து நலமாக நிற்கிறது என்பதையே. ஐரோப்பாவில் 2009இல் வெளிவந்த 'வெல்ஃபேர் குவாலிட்டி' மதிப்பீட்டு முறையும், கொட்டகையை மட்டும் அளக்காமல் மாட்டையே பார்க்கச் சொல்கிறது: நொண்டுகிறதா, மெலிந்திருக்கிறதா, தோலில் புண் உண்டா?

அதற்கு மீட்டரும் வேண்டாம். எங்கள் ஊர் கிரிவலப் பாதையில் இருக்கிறது. பௌர்ணமிக்கு மறுநாள் அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை மாடுகள் வயிறு முட்டத் தின்னும். சோற்றின் மாவுச்சத்து வேகமாகப் புளித்து, முதல் இரைப்பையில் அமிலம் பெருகி, அசைபோடுவது நின்றுபோகும். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. நலமான பசு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். ஒரு கவளத்தை ஏறத்தாழ 40 முதல் 70 முறை மெல்லும். இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் முட்டியை அழுத்தி வைத்தால், நிமிடத்துக்கு ஓரிரு முறை இரைப்பை எழும்பி அடங்குவது கைக்குத் தெரியும். கைக்கடிகாரம் போதும்.

"மாட்டைப் பார்த்தாலே தெரியும்" என்பார்கள் பெரியவர்கள். பெரும்பாலும் தெரியும்தான். ஆனால் நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல மெல்லக் குறைவது தெரியாது. நோட்டுப் புத்தகத்துக்குத் தெரியும். பால் அட்டையில் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எப். என்று கட்டங்கள் இருக்கின்றன. எல்லாம் பாலுக்கு, பசுவுக்கு ஒரு கட்டமும் இல்லை. அட்டையின் பின்புறத்தில் மாதம் ஒரு கூழ்ச் சோதனைக்கும், வாரம் ஓர் அசைபோடும் கணக்குக்கும் இடம் விட்டால் என்ன செலவு? எண் இறங்கினால் "தண்ணி" என்று சொல்லுமுன் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாமே.

மருத்துவர் ஊசி போட்டு, குறித்த நாள்வரை பாலை விற்கக் கூடாது என்றார். கூடவே சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்து மடியில் பூசச் சொன்னார். ஊசியால் குணமா, பூச்சால் குணமா என்று என் மீட்டருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தல்லவா செய்தோம்! மூன்று வாரத்தில் ஒரு பின்காம்பு முன்காம்புகளின் எண்ணுக்கு வந்துவிட்டது. மற்றொன்று இன்னும் வரவில்லை. "தண்ணி" என்ற சொல்லையும் இதுவரை யாரும் திரும்பப் பெறவில்லை.

அக்காவின் மகள் ஒன்பதாம் வகுப்பு. இப்போது கணக்கு எழுதுவது அவள்தான். நேற்று மாலை ஒரு கவளத்துக்கு 58.