தொண்ணூற்றொன்பது

'கோல்ஃப்' என்ற வார்த்தையைக் கண்டதுமே நேயர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் இருங்கள்! இந்த வாரம் நான் சொல்லப் போவது வரவு செலவுக் கணக்கு. பந்தும் மட்டையும் நடுவில் வந்து போகும், அவ்வளவுதான்.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மைதானத்தில் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் பந்தைப் போட, நன்றாக ஆடுகிறவருக்கு இத்தனை அடி போதும் என்று ஒரு கணக்கு உண்டு; அதற்கு 'பார்' என்று பெயர். மூன்று, நான்கு, ஐந்து என்று குழிக்குக் குழி மாறும். எல்லாவற்றையும் கூட்டினால் பெரும்பாலான மைதானங்களில் 72 வரும். மளிகைக் கடைப் பில் மாதிரிதான். தொகை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சந்தோஷம்.

என் பில் குறையவே இல்லை. நாற்பத்தாறாவது வயதில் ஆட ஆரம்பித்து, இரண்டு வருஷமாக 112, 110, 114, மறுபடியும் 112 என்று ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பயிற்சியாளரிடம் பாடம் கேட்டாயிற்று. ஒரு பட்டுப்புடவைப் பணத்தைக் கொட்டிப் புது 'டிரைவர்' வாங்கியாயிற்று. பந்து முன்னைக் காட்டிலும் தூரமாகப் போயிற்று. ஆனால் காட்டுக்குள் போயிற்று! வியாழக்கிழமைகளில் பெண்கள் நாலு நாலு பேராகச் சேர்ந்து ஆடுவோம். என்னை யார் கோஷ்டியில் சேர்ப்பது என்று பேச்சு வரும்போது ஒரு சின்ன மௌனம் விழும். அந்த மௌனத்தை நான் கவனிக்கவில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும், 'இந்தச் சனியனை நாத்தனார் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம்' என்று பையை மூலையில் சாத்தி வைத்தேன்.

காப்பாற்றியவர் ஒரு 'கேடி'. பயப்படாதீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து, எந்த மட்டையால் அடிக்கலாம் என்று யோசனை சொல்கிறவருக்கு இந்த விளையாட்டில் அதுதான் பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாது, பாவம். எனக்கு வாய்த்த கேடியோ பரம சாது. சின்ன வயதிலிருந்து அதே மைதானத்தில் நடந்து நடந்து, ஒவ்வொரு புல்லும் எந்தப் பக்கம் சாயும் என்று அறிந்தவர். வாய் திறந்து பேசுவது அபூர்வம். ஒரு வியாழக்கிழமை நான் 112 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது மெதுவாகச் சொன்னார்:

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. பதினஞ்சு குழியில நல்லாத்தான் ஆடறீங்க. மூணே மூணு குழியிலதான் வீட்டையே வித்துடறீங்க."

அன்று இரவு சமையலறை வேலையெல்லாம் முடிந்த பிறகு, பால் கணக்கு எழுதும் நோட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். அந்த நாளைய அட்டையைப் பிரித்து வைத்தேன். மூன்று குழிகளில் 9, 10, 9. மொத்தம் 28 அடி. பார் கணக்குப்படி அவற்றுக்கு 13 தான். ஆகப் பதினைந்து அடி அதிகம்! மற்றப் பதினைந்து குழிகளில் 84, பார் 59. அங்கே பதினைந்து குழிகளுக்கும் சேர்த்து இருபத்தைந்து அடிதான் அதிகம். அந்த மூன்று குழிகளில் மட்டும் தலைக்கு இரண்டடி அதிகத்தோடு தப்பித்திருந்தால், 112 என்பது 103 ஆகியிருக்கும். ஒரு வீச்சைக்கூடத் திருத்தாமல் ஒன்பது அடி மிச்சம்!

இன்னொன்றையும் எண்ணினேன். குழியைச் சுற்றிப் படுக்கை விரித்தாற்போல் புல் வெட்டியிருக்கும் இடத்துக்கு 'கிரீன்' என்று பெயர். அதில் பந்தை மெதுவாக உருட்டிவிட ஒரு மட்டை. அதற்குப் 'பட்டர்' என்று பெயர். (கோவில் பட்டர் மன்னிக்க வேண்டும்.) குழிக்கு இரண்டு உருட்டல் என்பது பார் கணக்கிலேயே சேர்த்தி, பதினெட்டுக் குழிக்கு 36. பார் 72-இல் சரிபாதி! நான் அன்று 43 முறை உருட்டியிருந்தேன். பட்டுப்புடவைப் பணமெல்லாம் டிரைவருக்குப் போயிற்று; அடிகளோ இங்கே ஒழுகிக்கொண்டிருந்தன. மாதச் செலவு ஏன் மிஞ்சுகிறது என்று தீபாவளி ஜவுளியைத் திட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தினமும் வாங்கின கறிவேப்பிலை வரைக்கும் எழுதிப் பார்த்தபோது உண்மை தெரிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

இதில் தூரமாக அடிப்பவருக்கே ராஜ்யம் என்று நினைப்பவர்கள் 2021-ஆம் வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்ஸை நினைத்துப் பார்க்கட்டும். (அது 2020-இல் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று.) பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்குக்கு அப்போது இருபத்து மூன்று வயது, உலக வரிசையில் 200-ஆவது இடம். அவரும் அந்த வருஷம் கொரோனாவில் படுத்து எழுந்தவர்தான். பந்தை எட்ட அடிப்பதில் அங்கே வந்திருந்தவர்களுள் கடைசி வரிசை. மற்றவர்கள் சின்ன மட்டையால் அடித்த இடத்தில் அவர் பெரிய மட்டையை எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் நாலு நாளும் அவர் எழுதிய கணக்கைப் பாருங்கள்: 67, 66, 68, 68. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இரண்டு அடிக்கு மேல் வித்தியாசம் இல்லை! மூன்றாம் நாள் முடிவில் அவர் தனியாக இரண்டாம் இடத்தில் நின்றார். கடைசி நாளான ஆகஸ்ட் 7-ஆம் தேதி, கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளில்கூட விடியற்காலையில் எழுந்து டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டில் காப்பி ஆறிப் போயிற்று. மொத்தம் 269, நாலாவது இடம். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் போட்டியிட்ட இருவருக்கும் 268. ஒரே அடி!

அவருக்குப் பை தூக்கி வந்தது யார் தெரியுமா? அவரைப் பெற்ற தாயார்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நோட்டில் நான் எனக்கென்று ஒரு பார் எழுதிக்கொண்டேன். ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் நேரே 1 முதல் 18 வரை ஒரு எண் அச்சிட்டிருக்கும். 'ஸ்ட்ரோக் இண்டெக்ஸ்' என்பார்கள். 1 என்றால் கடினம், 18 என்றால் சுலபம். எல்லாக் குழிக்கும் ஓர் அடி கூடுதலாக எனக்கு நானே அனுமதித்துக்கொண்டேன். 1 முதல் 9 வரை எண்ணுள்ள கஷ்டமான குழிகளுக்கு இன்னும் ஓர் அடி. 72-உம் 18-உம் 9-உம் எவ்வளவு? தொண்ணூற்றொன்பது. நூறுக்குள் வர ஒரு குழியில்கூடப் பார் அடிக்க வேண்டாம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு குழியிலும் பாருக்கு ஆசைப்பட்டுப் பத்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

பிறகு ஒவ்வொரு குழிக்கும் வழி. ஏழாவது குழி குறுகல், இருபுறமும் மரம். அங்கே டிரைவர் பையை விட்டு வெளியே வரக் கூடாது. பதினோராவதில் மணல் பள்ளம். அதன் இடப்பக்கமாகப் போய் ஓர் அடி அதிகம் கொடுத்துவிடுவது. இதில் வெட்கம் என்ன? 1959-இல் நியூயார்க் பக்கத்தில் விங்டு ஃபுட் மைதானத்தில் அமெரிக்க ஓபன் நடந்தபோது பில்லி காஸ்பர் என்ன செய்தார்? மூன்றாவது குழி நீளமான பார் மூன்று. எல்லாரும் ஒரே அடியில் கிரீனை எட்டப் பார்த்துப் பள்ளத்தில் விழுந்து எழுந்தார்கள். அவர் நாலு நாளும் வேண்டுமென்றே குட்டையாக அடித்து, அடுத்த அடியில் குழிக்குப் பக்கமாகத் தூக்கிப் போட்டு, ஓர் உருட்டலில் முடித்தார். நாலு நாளும் மூன்று, மூன்று, மூன்று, மூன்று. கோப்பையும் அவருக்கே.

உருட்டலுக்கு என்ன செய்தேன்? ஹாலில் பவானி ஜமுக்காளத்தை விரித்து, ஒரு முனையில் காப்பி டம்ளரைப் படுக்க வைத்து, மூன்றடி தூரத்திலிருந்து தினம் பத்து நிமிஷம். ஜமுக்காளமும் புல்லும் ஒன்றல்லதான். நேராக உருட்டக் கை பழகினால் போதும். தூரத்து உருட்டலுக்கு, வியாழக்கிழமை இருபது நிமிஷம் முன்னதாகப் போய்ப் பயிற்சிக் கிரீனில் பழகுவேன். குழியில் விழ வேண்டும் என்ற பேராசை இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவே. ஹாலில் 'டங்' என்று சத்தம் கேட்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் பத்திரிகைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். வாயைத் திறக்கவில்லை. அவர் இருபது வருஷமாக ஆடுகிறவர், ஞாயிற்றுக்கிழமை கோஷ்டி.

திட்டம் போடுவது சுலபம், கடைப்பிடிப்பதல்லவா கஷ்டம்? முதல் மூன்று வாரம் 106, 104, 107. ஏன் என்று பார்த்தால், ஒரு குழியில் ஏழு வாங்கினதும் அடுத்ததில் அதை ஈடுகட்டிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். டிரைவரை உருவுவேன். அங்கே எட்டு! கேடியிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்: "கோபமாக நான் எந்த மட்டை கேட்டாலும் கொடுக்காதீர்கள்." அன்றிலிருந்து நான் கையை நீட்டினால் அவர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுவார்.

பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்கே இந்தத் துறுதுறுப்பு உண்டு. 1999 ஜூலையில் ஸ்காட்லாந்தில் கார்னூஸ்டி என்ற ஊரில் பிரிட்டிஷ் ஓபன். பிரெஞ்சுக்காரர் ழான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு மூன்று அடி முன்னணியில் வந்து நின்றார். பார் நாலு உள்ள குழி; ஆறு அடித்தாலும் கோப்பை அவர் கையில். சாதுவாக மூன்று சின்ன அடி, மூன்று உருட்டல் போதாதோ? டிரைவரை எடுத்தார். பந்து வலப்பக்கம் வெகுதூரம் போயும் நல்ல வேளையாக நீரில் விழவில்லை. அப்போதாவது நின்றாரா? நேரே கிரீனுக்கு அடித்தார். பார்வையாளர் மேடையில் பட்டு, ஓடைச் சுவரில் பட்டு, பின்னால் எகிறி அடர்ந்த புல்லுக்குள் பந்து விழுந்தது. அடுத்த அடி 'பாரி பர்ன்' என்ற ஓடைக்குள்! ஷூவையும் காலுறையையும் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு மனிதர் ஓடையில் இறங்கி நின்றார். தண்ணீரிலிருந்தே அடிக்கலாமா என்று பார்த்துவிட்டு, மனம் மாறி அபராதம் ஏற்று வெளியே வந்தார். அடுத்தது மணல் பள்ளம். கடைசியில் ஏழு. மூன்று பேர் சமமாகி, மேற்கொண்டு ஆடிய ஆட்டத்தில் பால் லாரி ஜெயித்தார். அன்று காலையில் பத்து அடி பின்தங்கியிருந்தவர்! வான் டி வெல்டை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அந்த ஏழாவது அடிக்கான உருட்டலை, அத்தனை அமளிக்குப் பிறகும், அவர் தவறாமல் குழியில் போட்டதையும் சொல்ல வேண்டும்.

2022 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. பதினேழு குழிகள் முடிந்தபோது கேடி அட்டையைக் காட்டினார். 93. பதினெட்டாவது பார் நாலு. எனக்கு நான் வைத்துக்கொண்ட பார் ஆறு. கிரீனுக்கு முன்னால் குளம். கார்னூஸ்டி கண் முன்னே வந்து நின்றது!

முதல் அடி இடப்பக்கம் வேப்பமரத்தடியில் போய் விழுந்தது. கூட ஆடிய தோழி வந்து பார்த்தாள். "கிளைக்கு நடுவே இடம் இருக்கேடி, அடிச்சா நேரே போயிடும்" என்றாள். இடம் இருந்தது நிஜம். ஒரு தாம்பாளம் அகலம் இருக்கும். நான் கையை நீட்டினேன். தண்ணீர்ப் பாட்டில் வந்தது.

இரண்டாவது அடியைப் பக்கவாட்டில் தட்டி வெளியே கொண்டுவந்தேன். மூன்றாவது குளத்துக்கு இப்பால், சமதரையில். நாலாவது தண்ணீரைத் தாண்டிக் கிரீனில் விழுந்தது, குழிக்கு முப்பதடி. ஐந்தாவதை உருட்டினேன், மூன்றடி முன்னால் நின்றுவிட்டது. மூன்றடி! கேடி கொடியைப் பிடித்துக்கொண்டு எங்கோ பார்த்தார். நான் குழியைப் பார்க்கவில்லை. ஜமுக்காளத்தையும் டம்ளரையும் பார்த்தேன்.

'டங்' என்று கேட்கவில்லை. பிளாஸ்டிக் குழியில் 'களுக்' என்று விழுந்தது.

வீட்டுக்கு வந்து பையை ஹாலில் வைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் பத்திரிகையை இறக்கி, "எவ்வளவு?" என்றார். அட்டையை நீட்டினேன். கூட்டலை ஒரு தடவை சரிபார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு எழுந்து போய் அவரே இரண்டு டம்ளர் காப்பி கலந்து கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் ஆடிவிட்டு வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்று ராத்திரி ஜமுக்காளத்தைத் தேடினேன். இருந்த இடத்தில் இல்லை. மாடி அறையிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது.