பக்கவாதம்: ரெண்டு மொழி தெரிஞ்சா மூளை தப்பிக்குமா?

வீட்டுல தமிழ், ஆட்டோவுல கன்னடம், ஆபீஸ்ல இங்கிலீஷ். பெங்களூருத் தமிழர்களின் இந்தப் பழக்கம், பக்கவாதம் வந்தால் மூளைக்கு உதவுமா?

ஓரளவு உதவலாம் என்கிறது டேட்டா. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 2006 முதல் 2013 வரை பதிவான 608 பக்கவாத நோயாளிகளை, நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியின் குழு ஆராய்ந்தது. பாதிப்புக்குப் பிறகும் ஞாபகம், கவனம் போன்ற திறன்கள் இயல்பாக இருந்தவர்கள் எத்தனை பேர்?

• ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களில்: 19.6%
• ரெண்டு அல்லது அதற்கு மேல் தெரிந்தவர்களில்: 40.5%

மொழி மாற்றி மாற்றிப் பேசுவது மூளைக்குத் தினசரிப் பயிற்சி என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆனால் இதே டேட்டாவைத் திருப்பிப் பாருங்க. பல மொழி தெரிந்தவர்களிலும் 10-ல் 6 பேருக்கு ஏதோ ஒரு பாதிப்பு இருந்திருக்கிறது. அதனால் கை, கால் அசைந்ததுமே ‘சரியாயிடுச்சு’ன்னு விட்டுடக் கூடாது. தட்டில் இடது பக்கச் சோற்றைத் தொடாமல் எழுவது, சில்லறை எண்ணத் தடுமாறுவது எல்லாம் வயசுக் கோளாறு இல்லாமல் இருக்கலாம். பயிற்சியால் மேம்படவும் வாய்ப்பு உண்டு.

பெங்களூரு நிம்ஹான்ஸில் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும், அப்பா அம்மாவுக்குச் சரளமான மொழியிலேயே சோதிக்கச் சொல்லிக் கேளுங்க. மொழி புரியாமல் தவறும் பதிலை மூளைப் பாதிப்பு என்று எழுதிவிடக் கூடாது.